எலும்பு கலக்காத பீங்கான்

ஸ்டோக்-ஆன்-ட்ரென்ட்காரர்களை வெளியூரில் அடையாளம் காண்பது சுலபம். ஹோட்டலில் போய் உட்கார்ந்ததும் மெனுவைத் தொட மாட்டார்கள். முன்னாலிருக்கும் காலித் தட்டைத் தூக்கித் திருப்பி, அடியில் எந்தக் கம்பெனி முத்திரை இருக்கிறது என்று பார்ப்பார்கள். எனக்கும் அந்தப் பழக்கம் உண்டு. அடுத்தவர் வீட்டு விருந்தில் அதைச் செய்து மனைவியிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன். ஆனால் அது ஊரிடமிருந்து எனக்கு ஒட்டியதல்ல. அம்மாவிடமிருந்து ஒட்டியது. அம்மா மானாமதுரைக்காரி.

எழுபதுகளின் நடுவில் அப்பா நெஞ்சுநோய் டாக்டராக அங்கே வேலைக்குப் போனார். அம்மா, அக்கா, நான் மூவரும் பின்னாலேயே போய்ச் சேர்ந்தோம். டன்ஸ்டல், பர்ஸ்லம், ஹான்லி, ஸ்டோக், ஃபென்டன், லாங்டன் என்று வரிசையாக ஆறு ஊர்கள். 1910இல் அவற்றைச் சேர்த்து ஒன்றாக்கினார்கள். அர்னால்டு பென்னட் தன் நாவல்களில் ஐந்து ஊர் என்றே எழுதி ஃபென்டனை விட்டுவிட்டார். ஃபென்டன்காரர்கள் அதை நாங்கள் இருந்த காலத்திலும் சொல்லிக் குறைபட்டுக்கொண்டிருந்தார்கள். ஆறு ஊரிலும் பெரிய தொழில் ஒன்றுதான், களிமண்ணைச் சுடுவது.

எங்கள் வீடு பாஸ்ஃபோர்டு மேட்டில் இருந்தது. பின்பக்க ஜன்னலைத் திறந்தால் கீழே எட்ரூரியா பள்ளத்தாக்கு. ஜோசையா வெட்ஜ்வுட் 1769இல் தொழிற்சாலை திறந்த இடம். நாங்கள் போனபோது அது இடிபட்டுப் போயிருந்தது. ராத்திரியில் ஷெல்ட்டன் பார் இரும்பாலையின் சிவப்பு மட்டும் மேகத்தில் ஏறி இறங்கும். எங்கோ தீப்பிடித்துவிட்டது என்று அக்கா போன புதிதில் அழுதுகொண்டே தூங்குவாள்.

வீட்டுக்குப் பின்னால் தோட்டம் என்று ஒரு துண்டு நிலம். கொத்தமல்லி போடலாம் என்று அம்மா மண்ணைக் கொத்தினாள். முதல் கொத்திலேயே 'டங்' என்று கேட்டது. நீலப் படம் போட்ட ஓட்டுச் சில்லு ஒன்று. அடுத்த கொத்தில் இன்னொன்று. அந்த ஊரில் எங்கே தோண்டினாலும் அப்படித்தான். தொழிற்சாலைகள் உடைசலையெல்லாம் தலைமுறை தலைமுறையாகப் பள்ளங்களில் கொட்டி மூடி, அதன்மேல் தெருக்களைப் போட்டிருக்கிறார்கள். கொத்தமல்லி முளைக்கவில்லை. எனக்கு ஒரு பிஸ்கட் டின் நிறையச் சில்லுகள் கிடைத்தன.

பெரும்பாலும் வில்லோ டிசைன். ஒரு சில்லில் பாலத்தின் மேல் ஒரு கால், இன்னொன்றில் ஒரு பறவையின் சிறகு. முழுத் தட்டில் பாலத்தின் மேல் மூன்று பேர் இருப்பார்கள், உச்சியில் இரண்டு பறவைகள். அப்பனுக்குத் தெரியாமல் ஓடிப்போன சீனத்துக் காதலர்கள் செத்துப் பறவையானதாகக் கதை சொல்வார்கள். சீனாவில் அப்படியொரு கதையே கிடையாது. 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் இங்கிலாந்திலேயே வரைந்த படம் அது. கதையைப் பிறகு யாரோ கட்டிவிட்டார்கள். எனக்கு அப்போது அதெல்லாம் தெரியாது. இரண்டாவது பறவையைத் தேடி அம்மாவின் பாத்திகளையெல்லாம் நாசம் பண்ணினேன்.

சில்லுகளுக்கு நடுவே ஒரு விசித்திரச் சாமான் அகப்படும். மூன்று கை நீட்டிய சின்ன மண் துண்டு. ஒவ்வொரு கை நுனியிலும் கூர். அது என்னவென்று சொன்னவர் பக்கத்து வீட்டு அம்மாள். பதினாலு வயதில் பர்ஸ்லத்தில் ஒரு தொழிற்சாலைக்குப் போய், பீங்கானுக்குச் சாயம் தீட்டியே ஓய்வு பெற்றவர். அப்பா டாக்டர் என்பதையெல்லாம் பார்க்காமல் அவரையும் 'டக்' என்றுதான் கூப்பிடுவார். அந்த ஊரில் எல்லோரும் எல்லோருக்கும் டக்தான். வேலிக்கு மேல் கையை நீட்டி என் மண் துண்டை வாங்கிப் பார்த்தார். கிளேஸ் என்ற கண்ணாடிப் பூச்சில் முக்கிய தட்டுகளைச் சூளையில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் கண்ணாடி உருகி எல்லாம் ஒட்டிக்கொள்ளும். ஒட்டாமலிருக்க இடையிடையே இதை வைப்பார்களாம். உள்ளே போய் ஒரு தட்டை எடுத்துவந்து கவிழ்த்து, என் ஆள்காட்டி விரலைப் பிடித்து அடியில் நகர்த்தினார். வழவழவென்று போன விரல் ஓரிடத்தில் சொரசொரத்தது. இன்னும் கொஞ்சம் தள்ளி இன்னொரு புள்ளி, அப்புறம் மூன்றாவது. கண்ணுக்குச் சரியாகத் தெரியாது, விரலுக்குத் தெரியும்.

அம்மா பீங்கான் சேர்க்க ஆரம்பித்ததற்குக் காரணம் அழகுணர்ச்சி என்று சொல்ல எனக்கும் ஆசைதான். நிஜக் காரணம் மாடு. லாங்டனில் கிளாட்ஸ்டன் என்ற பழைய பீங்கான் தொழிற்சாலையை அப்போதுதான் மியூசியமாக்கித் திறந்திருந்தார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை போனோம். ஒரு பெண்மணி களிமண்ணைக் கிள்ளி உள்ளங்கையில் அழுத்தி ரோஜா இதழ் பண்ணிக்கொண்டிருந்தார். அம்மா அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். அடுத்த மேசையில் ஒருவர் போன் சைனா எப்படிச் செய்வது என்று விளக்கினார். சரிபாதி மாட்டெலும்புச் சாம்பல். மீதியில் கார்ன்வாலின் வெள்ளைக் களிமண்ணும் ஒரு வகைக் கல்லும். ஸ்டோக்கில் ஸ்போடு குடும்பத்தார் 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் பக்குவம் கண்ட கலவை. எலும்புதான் அதற்கு அந்த வெண்மையையும் பலத்தையும் கொடுக்கிறது என்று பெருமையாகச் சொல்லி முடித்தார். அம்மாவின் முகம் மாறியதை நான் பார்த்தேன். எங்கள் வீட்டில் ஓரம் தங்கமிட்ட போன் சைனா டீ செட் இருந்தது. அப்பாவோடு வேலை பார்த்தவர்கள் சேர்ந்து வாங்கிக் கொடுத்தது.

வீட்டுக்கு வந்ததும் அம்மா அதைப் பேப்பரில் சுற்ற ஆரம்பித்தாள்.

"சாம்பல்தானே? நாம பூசுற விபூதியும் சாம்பல்தான்" என்றார் அப்பா.

"சாணியும் எலும்பும் ஒண்ணா? நல்லாப் படிச்சீங்க."

டீ செட் அந்த வாரமே, சர்ச்சில் பழைய சாமான் விற்கும் ஜம்பிள் சேலுக்குப் போய்விட்டது. அதைக் கொடுக்கப் போன இடத்தில்தான் அம்மா முதல் சாமானை வாங்கினாள். போன் சைனா போன பிறகு வீட்டில் டீ குடிக்க எவர்சில்வர் டம்ளர்தான் மிச்சம், வெள்ளைக்காரர் வந்தால் கையைச் சுட்டுக்கொள்வார் என்ற நடைமுறைக் கவலை. எலும்பில்லாத சாதா மண் பீங்கான் அங்கே மேசை மேசையாகக் கிடந்தது. ஊரில் பாதிப் பேர் அதைச் செய்தவர்கள், யாருக்கும் அதன்மேல் மரியாதை இல்லை.

அம்மா சாமான் எடுக்கும் முறை இதுதான். முதலில் கோப்பையை வெளிச்சத்தில் பிடித்து, பின்னால் விரலை வைத்து ஆட்டுவாள். விரல் நிழல் தெரிந்தால் அது போன் சைனா, கீழே வைத்துவிடுவாள். மற்றவர்கள் நிழல் தெரிகிறதே என்று வாங்குவார்கள், இவள் நிழல் தெரிகிறதே என்று வேண்டாம் என்பாள். நிழல் தெரியாவிட்டால் இடது கை விரல் நுனியில் தாங்கி, வலது கை நடுவிரல் கணுவால் ஒரு தட்டு. கணீரென்றால் சரி, மொத்தென்றால் எங்கோ மயிரிழை விரிசல். கடம் செய்கிற ஊரில் பிறந்தவளுக்கு அதைக் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. தீச்சட்டியிலிருந்து பொங்கல் பானை வரை வேளார் வீட்டு வாசலில் தட்டிப் பார்த்து வாங்கிய கைதான். கடைசியாகத் திருப்புவாள். அடியில் 'இங்கிலாந்து' என்று இருந்தால் பெரும்பாலும் 1891க்குப் பிந்தியது. அமெரிக்கா கொண்டுவந்த இறக்குமதிச் சட்டத்தால் நாட்டின் பெயரைப் போடவேண்டி வந்தது. வைர வடிவத்தில் கட்டமிட்ட முத்திரை இருந்தால் அந்த டிசைன் 1842க்கும் 1883க்கும் இடையில் பதிவானது. இதெல்லாம் அக்கா ஹான்லி நூலகத்துப் புத்தகத்தில் பார்த்துக் குறிப்பு நோட்டில் எழுதி வைத்தது. சந்தையில் அந்த நோட்டைத் திறக்க அம்மா விடமாட்டாள். விற்பவன் உஷாராகிவிடுவானாம்.

பர்ஸ்லத்தில் ஒரு சர்ச் ஹாலில் அவள் எடுத்த ஜாம் ஜாடி எனக்கு இன்றும் விரலில் இருக்கிறது. மேலே மஞ்சள் பட்டை, கீழே பழுப்புப் பட்டை, வெயிலும் மண்ணும். நடுவே தந்தநிற கிளேஸின் மேல் ஆரஞ்சும் நீலமும் ஊதாவுமாகக் குரோக்கஸ் பூக்கள். சாயம் கிளேஸுக்கு மேல் போட்டது, அதனால் தடவினால் ஒவ்வோர் இதழும் தனியாகத் தட்டுப்படும். அடியில் கிளாரிஸ் கிளிஃப் என்று பெயர். அம்மாவுக்கு அந்தப் பெயர் ஒன்றும் சொல்லவில்லை. வேலிக்குப் பக்கத்தில் கொண்டுபோய்க் காட்டினாள்.

பக்கத்து வீட்டு அம்மாளுக்குக் கிளாரிஸ் கிளிஃப்பை அவ்வளவாகப் பிடிக்காது. சத்தமான சாயம் என்பார். 1899இல் டன்ஸ்டலில் பிறந்தவள், பதின்மூன்று வயதில் வேலைக்குச் சேர்ந்தவள், எங்களைப்போல ஒருத்திதான் என்று ஆரம்பித்து, நியூபோர்ட் தொழிற்சாலையில் விலைபோகாமல் கிடந்த பழுதான வெள்ளைச் சாமானை எல்லாம் கெட்டிச் சாயம் பூசி விற்றுவிட்டாள் என்று முடிப்பார். அது உண்மைதான். 1920களின் கடைசியில் வந்த 'பிசார்' வரிசை அப்படித்தான் தொடங்கியது. ஆனால் அந்த ஜாடியைக் கையில் வாங்கியதும் அவர் குரல் இறங்கியது. என் வாட்டர்கலர் பெட்டியைக் கொண்டுவரச் சொன்னார். ஒரு வெள்ளைக் கோப்பையை எடுத்தார். தூரிகையை அழுத்தி மேலிருந்து கீழே ஓர் இழுப்பு, அது ஓர் இதழ். பக்கத்தில் இன்னும் சில இழுப்புகள், பூ முடிந்தது. திருத்தம் கிடையாது, இரண்டாவது முறை தூரிகை படவில்லை. பூக்களெல்லாம் முடிந்ததும் கோப்பையைத் தலைகீழாகக் கவிழ்த்துக்கொண்டார். மெல்லிய தூரிகையால் பச்சையில் சரசரவென்று கோடுகள். நிமிர்த்தினால் இலைகள் மண்ணிலிருந்து மேலே வந்திருந்தன. அந்த வயதிலும் கை நடுங்கவில்லை. நான் முயன்ற பூ முட்டைக்கோஸாக வந்தது.

அதற்குப் பிறகு அம்மாவுக்குத் தட்டுகளில் பெண்களைத் தேடும் வியாதி வந்துவிட்டது. ஆளுக்கொரு குறி உண்டு. சாயம் தீட்டியவர்கள் முத்திரைக்குப் பக்கத்தில் ஒரு புள்ளியோ, எழுத்தோ, சின்ன வால் கோடோ போட்டுவிடுவார்கள். கூலிக் கணக்குக்காகப் போட்டது. பூதக்கண்ணாடி வைத்துக்கொண்டு அம்மா அவற்றைப் பார்ப்பாள். சார்லட் ரெட் என்பவர் டிசைன் செய்த தட்டு ஒன்று வந்தது. அதில் கோடுகள் எல்லாம் மேடாக இருக்கும். பையில் களிக்குழம்பை நிரப்பி, நுனிக் குழாய் வழியாக ஜாங்கிரி பிழிவதுபோலப் பிழிந்து வரைவது. இதைப் பிழிந்தவளுக்கு மணிக்கட்டு என்ன வலி வலித்திருக்கும் என்பதுதான் அம்மா அதைப் பற்றிச் சொன்ன ஒரே விமர்சனம். சூசி கூப்பரின் டிசைன் அவளுக்கு ரொம்பப் பிடித்தது, பாயும் மான் முத்திரை இருந்தால் விடமாட்டாள். ஆனால் சூசி கூப்பர் 1950இல் லாங்டனில் ஒரு போன் சைனா தொழிற்சாலையை வாங்கி அந்தப் பக்கம் போய்விட்டார். நம்பிய ஆள் கடைசியில் அசைவமாகிவிட்டதைப்போல அம்மா பேசுவாள்.

அப்பா பார்த்ததெல்லாம் வேறு. அவருடைய வார்டில் பழைய தொழிலாளிகள் படுத்திருந்தார்கள். சாமான் வெண்மையாக வரச் சிக்கிமுக்கிக் கல்லைச் சுட்டுப் பொடித்துக் களிமண்ணில் சேர்ப்பார்கள். அந்தத் தூசி நுரையீரலில் போய்த் தங்கிவிடும். கிளேஸில் ஈயம். தொட்டியில் சாமானை முக்கி எடுத்தவர்களுக்கு ஈறில் நீலக்கோடு விழும், கை மணிக்கட்டு தொங்கிப்போகும். ஈயம் எளிதில் கரையும் கிளேஸை 1947இல் விதி போட்டு நிறுத்தினார்கள். அம்மா ஒரு தட்டைக் காட்டி 'நல்லாயிருக்கா' என்று கேட்டால், அப்பா வருஷத்தைக் கேட்பார். அந்தக் குரோக்கஸ் ஜாடியில் அம்மா எலுமிச்சை ஊறுகாய் போடப் போனபோதுதான் அவர் சத்தம் போட்டு நான் கேட்டேன். புளிப்பு பட்டால் ஈயம் கசியும் என்று பாதி இங்கிலீஷில் ஒரு பிரசங்கம். கடைசியில் ஜாடியில் கட்டி மஞ்சள் குடியேறியது.

ஆச்சி வந்தது ஒரு கோடையில். பாட்டரீஸ் லீவ், எல்லாத் தொழிற்சாலையும் மூடியிருந்தது. அப்பா எங்கோ வாங்கி வந்த ஜோடிப் பீங்கான் நாய்கள் அடுப்பு மாடத்தில் உட்கார்ந்திருந்தன. முகத்தைத் திருப்பி நம்மைப் பார்க்கும் ஸ்பானியல்கள், முதுகுப்புறம் சுவரோடு ஒட்ட மட்டமாக இருக்கும். விக்டோரியா காலத்து ஏழை வீட்டு அலங்காரம். நடுவில் எங்கள் பிள்ளையார். இதைப் பார்த்தால் ஆச்சி என்ன சொல்வாரோ என்று அம்மாவுக்குப் பயம். ஆச்சி கிட்டே போய்ப் பார்த்தார். "வைரவர் வாகனம்தானே, இருக்கட்டும்" என்று சொல்லி இரண்டுக்கும் குங்குமம் வைத்துவிட்டார். நாய்கள் அவ்வளவு பழையவை அல்ல என்பது பின்னால் தெரிந்தது. தங்கம் கண்ணாடிபோல் பளபளத்தது. 19ஆம் நூற்றாண்டின் கடைசிக்கு முன்னால் வந்த தங்கம் அப்படி மின்னாது, மெத்தென்று மங்கலாக இருக்கும். குங்குமம் மட்டும் நிஜம்.

பக்கத்து வீட்டு அம்மாள் ஆச்சியை டீக்குக் கூப்பிட்டார். கண்ணாடி அலமாரியைத் திறந்து, அவர் கல்யாணத்துக்கு வந்த கோப்பைகளை எடுத்தார். ஜன்னல் வெளிச்சத்தில் அம்மா வச்ச கண் வாங்காமல் அவற்றைப் பார்த்தாள். பார்க்கவே வேண்டாம், அவ்வளவு மெல்லிசு. அம்மா ஒன்றும் பேசாமல் பையிலிருந்து எவர்சில்வர் டம்ளரை எடுத்து ஆச்சி முன்னால் வைத்தாள். ஆச்சிக்கு அவர் டம்ளர்தான் பழக்கம் என்று சொல்லி முடித்திருக்கலாம். நான் இருந்தேனே. "அதுல மாட்டெலும்பு இருக்கு, ஆச்சி குடிக்க மாட்டாங்க" என்று நல்ல ஸ்டோக் இங்கிலீஷில் சொல்லிவிட்டேன். அம்மா என் தொடையில் கிள்ளிய இடம் கன்றிப்போனது.

அந்த அம்மாள் ஒரு நிமிஷம் கோப்பையைப் பார்த்தார். அப்புறம் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். வாழ்நாள் முழுக்க இதற்குத் தங்கம் பூசியிருக்கிறேன், மாட்டை ஒருநாளும் நினைத்துப் பார்த்ததில்லை என்றார். மறுநாள் வேலிக்கு மேல் ஒரு கோப்பை வந்தது. மண் பீங்கான், கனமானது, செகண்ட்ஸ். முதல் தரமல்ல என்று முத்திரையின் மேல் ஒரு கீறல் போட்டிருந்தது. நீலப் பட்டை ஒன்று மட்டும். அடியில் அவருடைய குறி. ஆச்சி அதை வாங்கிக் காதுக்குப் பக்கத்தில் வைத்துத் தட்டினார். "நல்லா வெந்திருக்கு" என்றார். நான் மொழிபெயர்த்தேன். அந்த அம்மாள் தலையை ஆட்டிக்கொண்டார், மேஸ்திரியிடம் நல்ல பெயர் வாங்கியவரைப் போல. ஆச்சி அந்தக் கோப்பையை ஊருக்கே எடுத்துக்கொண்டு போய்விட்டார். மானாமதுரையில் அதில் சந்தனம் கரைத்தார்கள்.

1978 ஆகஸ்டில் லாங்டனில் ஒரு பாட்டில் சூளையைக் கடைசி முறையாக நிலக்கரி போட்டு எரித்தார்கள். 1956இல் சுத்தக் காற்றுச் சட்டம் வந்த பிறகு எல்லோரும் கேஸுக்கும் கரண்டுக்கும் மாறியிருந்தார்கள். பழைய ஆட்கள் இருக்கும்போதே வேலையைப் பதிவு செய்யவேண்டும் என்று மியூசியத்தார் செய்த ஏற்பாடு. அப்பா எங்களைக் கூட்டிப்போனார். சீசா வடிவச் செங்கல் கோபுரத்தின் வாயிலிருந்து கரும்புகை சுருண்டு சுருண்டு வந்தது. கூட்டத்தில் பலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். பழைய சூளைகளைப் பற்றி இப்போது உருகி உருகி எழுதுவதைப் படிக்கும்போதெல்லாம், பக்கத்து வீட்டு அம்மாள் சொன்னதுதான் எனக்கு ஞாபகம் வரும். அவரையும் கூப்பிட்டோம். வரவில்லை. கொடியில் வெள்ளைத் துணி காயப்போட்டிருக்கிறேன், அந்தச் சனியனை இன்னொரு தடவை பார்க்கவேண்டியதில்லை என்றுவிட்டார்.

ஊர் மெல்ல மெல்ல மாறியது. சூளைகளில் சில நினைவுச் சின்னமாக மட்டும் நிற்கின்றன. பர்ஸ்லம் நைல் தெருவில் ராயல் டோல்டன் தொழிற்சாலை 2005இல் மூடிற்று. கிளாரிஸ் கிளிஃப் 1972இல் இறந்தார், அதே வருஷம் பிரைட்டனில் அவர் சாமான்களுக்குக் கண்காட்சி நடந்தது. அப்போதிருந்தே விலை ஏற ஆரம்பித்திருக்கிறது. ஜம்பிள் சேல் மேசையில் அது எங்களுக்குத் தெரியவில்லை, விற்றவர்களுக்கும் தெரியவில்லை.

அப்பா காலமான பிறகு அம்மா சின்ன வீட்டுக்கு மாறவேண்டியிருந்தது. ஒரு வியாபாரியை வரவழைத்தோம். அலமாரி அலமாரியாகப் பார்த்துவிட்டு நெற்றியைச் சொறிந்தார். இத்தனை இருக்கிறது, போன் சைனா ஒன்றுகூட இல்லையே என்றார்.

"இது சைவ வீடு, டக்" என்றாள் அம்மா.

அவருக்குப் புரிந்ததா தெரியாது. குரோக்கஸ் ஜாடியைத் தூக்கி ஒரு விலை சொன்னார். அம்மா அதை அவர் கையிலிருந்து வாங்கி, மூடியைத் திறந்து, கட்டி மஞ்சளை மேசையில் கொட்டி, துடைத்து, அவர் காதுக்குப் பக்கத்தில் வைத்துத் தட்டினாள். விலை கூடியது. இன்னொரு தடவை தட்டினாள். அந்தப் பணத்தில் கோயம்புத்தூர் கிரைண்டர் ஒன்றை வரவழைத்தாள். அனுப்புகிற கூலி கிரைண்டர் விலையைத் தாண்டிவிட்டது, அதற்கு என்னைத்தான் திட்டினாள்.